முள்ளுக்கு அஞ்சாத சக்கரம்



இவ்வாண்டு மலருக்கு மிதிவண்டியின் டயரைப் பற்றி ஒரு பாடக் கட்டுரை எழுத எண்ணினேன். "டயரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று நீங்கள் வினவக்கூடும். அதற்கு விடையாக, என் ஆசிரிய வாழ்வின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறுகிறேன்.

1993ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து, ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டப்பள்ளியில் பணியேற்ற புதிது. என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். நான்கு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, செம்பனைக் காட்டின் ஊடே செல்லும் செம்மண் பாதையில், தன் தங்கையைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மிதிவண்டியில் பள்ளிக்கு வருவான். ஒரு வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் காலந்தாழ்ந்து வந்தான். மூன்று நாளும் அவனை வகுப்பறைக்கு வெளியே நிற்கவைத்தேன். காரணம் கேட்கவில்லை. கேட்காமலே அவன் சோம்பேறி என்று முடிவுகட்டிவிட்டேன்.

நான்காம் நாள் நானே பள்ளி வாயிலில் நின்று பார்த்தேன். அச்சிறுவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். புத்தகப் பைகள் இரண்டும் வண்டியில் தொங்கின. தங்கை அழுதுகொண்டே பின்னால் நடந்து வந்தாள். "முள் குத்திவிட்டது, ஐயா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அன்று மாலை அவனுடன் அவன் வீட்டிற்குச் சென்றேன். அவனுடைய தந்தையார் பால்வெட்டும் தொழிலாளி. மூவரும் திண்ணையில் அமர்ந்து சக்கரத்தைக் கழற்றினோம். உள்ளிருந்த டியூபில் 11 ஒட்டுகள் இருந்தன. அவற்றுள் ஏழு, ஒரு சாண் நீளத்திற்குள் நெருக்கமாக இருந்தன. டயரின் உட்புறத்தைத் துணியால் மெல்லத் துடைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் துணி சிக்கியது. செம்பனை மட்டையின் முள் முனை ஒன்று உள்ளேயே ஒடிந்து நின்றது. ஒவ்வொரு முறையும் ஒட்டுப் போட்டார்கள். முள்ளை ஒருவரும் எடுக்கவில்லை. அதே முள்தான் திரும்பத் திரும்பக் குத்தியது.

அன்று நான் தலைகுனிந்தேன். அவர்கள் முள்ளைத் தேடாமல் ஒட்டுப் போட்டார்கள். நான் காரணத்தைத் தேடாமல் தண்டனை கொடுத்தேன். இரண்டும் ஒரே பிழைதான். அதன் பிறகே மிதிவண்டி டயரைப் பற்றி முறையாக அறிந்துகொள்ள முற்பட்டேன். அறிந்தவற்றை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

டயரும் மலாக்கா மண்ணும்

ஆதியில் மிதிவண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டையும், பின்னர்க் கெட்டி இரப்பரும் பூட்டப்பட்டிருந்தன. அவற்றில் ஏறிச் சென்றவரின் எலும்புகள் குலுங்கின. காற்றடைத்த சக்கரத்திற்கு 1845ஆம் ஆண்டிலேயே இராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து நாட்டவர் காப்புரிமை பெற்றார். ஆனால் அது பரவவில்லை. பின்னர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கற்பாதையில் குலுங்குவதைக் கண்டு, அதற்குக் காற்றடைத்த சக்கரம் செய்து கொடுத்தார். 1888ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1891ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு மிச்செலின் சகோதரர்கள், பழுது பார்ப்பதற்கு எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய டயரை உருவாக்கினர். மிதிவண்டி உலகெங்கும் பரவியது. இரப்பருக்குத் தேவை பெருகியது.

அத்தேவைக்கு விடை நம் மலாக்காவில் பிறந்தது. பிரேசில் நாட்டிலிருந்து 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் கொண்டுவந்த விதைகள் இலண்டனை அடுத்த கியூ பூங்காவில் முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அங்குத் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த எச். என். ரிட்லி, மரத்திற்குக் கேடு நேராமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார்; இரப்பர் பயிரிடுமாறு பலரையும் ஊக்கினார். அவருடைய சொல்லை ஏற்று, டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வாணிக இரப்பர்த் தோட்டம் என்று போற்றப்படுவது அதுவே. பின்னர்ப் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் அமைந்தது.

தோட்டங்கள் பெருகியபோது நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நிரை பிடித்துப் பால்வெட்டினர். அவர்கள் வடித்த பால் உலகத்தின் சக்கரங்களாக உருண்டது. இன்று பல தோட்டங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பலர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆயினும் டயரை அறியாமல் இருப்பது, அதற்குப் பாலூற்றியவரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்குப் பொருந்தாது.

டயர் எவ்வாறு அமைந்துள்ளது?

டயருக்கு மூன்று உறுப்புகள் முதன்மையானவை. முதலாவது, நிலத்தைத் தொடும் மேற்பட்டை. இரண்டாவது, அதன் உள்ளே இருக்கும் நூல்துணி உடல். மூன்றாவது, ரிம்மைப் பற்றி நிற்கும் விளிம்புக் கம்பி. இவற்றினுள் காற்றைத் தாங்கும் டியூப் தனியே இருக்கிறது.

டயர் கறுப்பாக இருப்பது ஏன்? இரப்பரின் இயற்கை நிறம் கறுப்பன்று. தோட்டத்தில் காயும் பால் ஷீட்டைப் பார்த்தவர்க்கு இது தெரியும். முற்காலத்து டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. 1910ஆம் ஆண்டுகளில் கரிப்பொடி கலக்கும் வழக்கம் பரவியது. கரிப்பொடி கலந்த டயர் தேய்மானத்தைத் தாங்குகிறது. வெயிலின் கேட்டையும் குறைக்கிறது. இயற்கை இரப்பருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதை இழுக்கும்போது அதன் நுண்ணிழைகள் ஒழுங்காக அணிவகுத்து நின்று கிழிசலை எதிர்க்கின்றன. ஆதலால்தான் விமானச் சக்கரங்களிலும் கனவண்டிச் சக்கரங்களிலும் இன்றும் அதனை மிகுதியாகச் சேர்க்கின்றனர்.

டியூபோ பெரும்பாலும் பியூட்டைல் என்ற செயற்கை இரப்பரால் ஆனது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவான இப்பொருள், இயற்கை இரப்பரைக் காட்டிலும் பல மடங்கு நன்றாகக் காற்றைப் பிடித்து வைக்கும்.

காற்று இறங்குவதற்குரிய காரணங்கள்

முதற்காரணம் முள்ளும் கூர்மையான பொருள்களும். நம் பாதைகளில் செம்பனை மட்டை முள்ளும், தொட்டாற்சிணுங்கி முள்ளும், உடைந்த கண்ணாடியும் உண்டு. பெருஞ்சாலையோரத்தில், வெடித்துச் சிதறிய லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த மெல்லிய இரும்புக் கம்பிகளும் கிடக்கின்றன. இங்கு ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். முள் பெரும்பாலும் உடனே டியூபைத் துளைப்பதில்லை. முதலில் மேற்பட்டையில் தைத்து நிற்கிறது. சக்கரம் ஒருமுறை சுழலும்போதெல்லாம் நிலம் அதனைச் சுத்தியல் போல் தட்டி உள்ளே செலுத்துகிறது. 26 அங்குலப் பள்ளி வண்டியின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 2.07 மீட்டர் செல்லும். நான்கு கிலோமீட்டர் செல்வதற்குள் 1,900 தடவைக்கு மேல் சுழல்கிறது. எனவே காலையில் தைத்த முள் பள்ளி வாயிலை அடைவதற்குள் 1,900 அடி வாங்கிவிடுகிறது. இடையில் ஒருமுறை இறங்கிப் பார்த்தால் அதனை விரலாலேயே எடுத்துவிடலாம்.

இரண்டாவது காரணம் குறைந்த காற்று. காற்றுக் குறைந்த சக்கரம் கல்லிலோ குழியிலோ மோதும்போது, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்குகிறது. அப்போது பாம்பு தீண்டிய வடுவைப் போல இரண்டு துளைகள் பக்கம் பக்கமாகத் தோன்றும். அவ்வாறு கண்டால் முள்ளைத் தேடிப் பயனில்லை. காற்றடிக்கும் பம்பைத்தான் தேட வேண்டும்.

மூன்றாவது காரணம் உட்புறத்திலிருந்து வருவது. ரிம்மின் உள்ளே கம்பித் தலைகளை மூடியிருக்கும் பட்டை நகர்ந்துவிட்டால், கம்பித் தலை டியூபைக் குத்தும். டியூபின் உட்பக்கத்தில், அதாவது ரிம்மை நோக்கிய பக்கத்தில், துளை இருந்தால் காரணம் இதுவே.

நான்காவது காரணம் முதுமை. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் டயர் வெடிப்புக் காண்கிறது. மண்ணெண்ணெயும் சங்கிலி எண்ணெயும் பட்ட இரப்பர் உப்பி நலிகிறது.

வாங்கும்போது நோக்க வேண்டியவை

கடைக்குச் செல்லுமுன் பழைய டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். "26 அங்குல டயர் கொடுங்கள்" என்று மட்டும் கேட்பது போதாது. பள்ளி வண்டிக்குரிய 26 × 1⅜ என்பது வேறு. மலைவண்டிக்குரிய 26 × 1.95 என்பது வேறு. ஒன்று மற்றொன்றின் ரிம்மில் பொருந்தாது. ஐயமற அறிவதற்கு 37-590 என்பது போன்ற இரட்டை எண்ணைப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர் அளவு. மலைவண்டிக்கு இரண்டாவது எண் 559. பந்தய வண்டிக்கு 622. தாத்தாக்கள் ஓட்டிய 28 × 1½ வண்டிக்கு 635. இரண்டாவது எண் ஒத்திருந்தால்தான் டயர் பொருந்தும்.

அடுத்து, அகலத்தைக் கருதுங்கள். அண்ணன்மார் சிலர் இப்பொழுது பந்தய மிதிவண்டி வாங்குகின்றனர். லங்காவிப் பந்தய வீரர்கள் பயன்படுத்துவது போன்ற மெல்லிய டயரை அவர்கள் விரும்புகின்றனர். பந்தய வீரருக்குப் பின்னால் மாற்றுச் சக்கரங்களுடன் கார் வருகிறது. நமக்குப் பின்னால் யார் வருகிறார்? சரளைக் கல்லும் செம்மண்ணும் நிறைந்த பாதையில் செல்பவர், தம் வண்டியின் கவையும் பிரேக்கும் இடம் தரும் அளவிற்கு அகலமான டயரைப் பூட்டுவதே அறிவுடைமை. அகன்ற டயர் குறைந்த அழுத்தத்திலும் டியூபைக் கல்லிலிருந்து காக்கும்.

மூன்றாவதாக, காப்புப்பட்டை உள்ள டயரா என்று கேளுங்கள். முள் துளைக்காத டயர்களில் மேற்பட்டைக்குக் கீழே ஒரு தனிப் பட்டை வைக்கப்பட்டிருக்கும். அது இரு வகைப்படும். ஒன்று, கெவ்லார் போன்ற வலிய இழைகளால் நெய்தது. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டெபனி குவோலெக் என்ற பெண் வேதியியலாளரின் ஆய்வினால் கிடைத்த இவ்விழை, எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட வலியது. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் அங்கிகளிலும் இது சேர்கிறது. நம் பெண் குழந்தைகள் அவரை நினைவிற் கொள்வார்களாக. மற்றொன்று, சில மில்லிமீட்டர் தடிப்புள்ள மெத்தென்ற இரப்பர்ப் பட்டை. நெய்த பட்டை கண்ணாடித் துண்டையும் சிறு கற்களையும் நன்கு தடுக்கும். ஆனால் நீண்டு மெலிந்த முள் இழைகளின் இடையே நுழைந்துவிடக்கூடும். செம்பனைப் பாதையில் செல்வோர்க்குத் தடித்த இரப்பர்ப் பட்டையே மேலானது. இத்தகைய டயர் சற்று எடை மிகுந்தது. மிதிப்பதற்கும் சிறிது கூடுதலாக உழைக்க வேண்டும். வழியில் நின்று வண்டியைத் தள்ளும் உழைப்பை நோக்க இது பெரிதன்று.

நான்காவதாக, கையால் ஆராயுங்கள். பக்கவாட்டைச் சற்று மடக்கிப் பாருங்கள். நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அது கடையில் நெடுங்காலம் கிடந்த டயர், வாங்க வேண்டாம். விளிம்புக் கம்பி எங்கும் வெளியே தெரியக்கூடாது.

விலை பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, 20 வெள்ளி டயர் எட்டு மாதமும், 45 வெள்ளி டயர் 24 மாதமும் உழைப்பதாகக் கொள்வோம். 24 மாதத்திற்கு மலிவான டயர் மூன்று வேண்டும். செலவு 60 வெள்ளி. மலிவாகத் தோன்றியது 15 வெள்ளி மிகுதியாயிற்று. பழுது பார்த்த செலவும், தவறிய பாடமும், இழந்த அரைநாள் கூலியும் இக்கணக்கில் சேரவில்லை.

காற்றே தேவையில்லாத கெட்டி டயர்களும் விற்கப்படுகின்றன. அவை முள்ளுக்கு அஞ்சா. ஆனால் எடை மிகுந்தவை, குலுக்கலும் மிகுதி. டன்லப் எதிலிருந்து தம் மகனைக் காப்பாற்றினாரோ, அதற்கே நாம் திரும்பிச் செல்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பேணும் முறை

நல்ல டயரும் பேணாவிடில் கெடும். வாரம் ஒருமுறையேனும் காற்றுப் பாருங்கள். எவ்வளவு காற்றுத் தாங்கும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டுள்ளது. பள்ளி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 40 முதல் 65 பவுண்டு வரை இருக்கும். மெல்லிய பந்தய டயருக்கு அதனினும் மிகும். அச்சிட்ட எல்லையை மீறக்கூடாது.

நாள்தோறும் வீடு திரும்பியதும் சக்கரத்தை மெல்லச் சுழற்றி மேற்பட்டையை நோக்குங்கள். தைத்திருக்கும் முள்ளையும் கண்ணாடியையும் எடுத்துவிடுங்கள். பின்சக்கரம் மிகுந்த சுமை தாங்குவதால் விரைவில் தேயும். புதிய டயர் வாங்கினால் அதனை முன்சக்கரத்திற்கு மாட்டி, முன்னிருந்ததைப் பின்னுக்கு மாற்றுங்கள். ஓடும்போது முன்சக்கரம் வெடித்தால் விழ நேரக்கூடும். ஆதலின் நல்ல டயர் முன்னே இருக்க வேண்டும். உள்ளிருக்கும் நூல் வெளியே தெரிந்தால் டயரின் ஆயுள் முடிந்தது என்று கொள்க.

டியூபில் துளை விழுந்தால் செய்ய வேண்டியது இது. டயரிலுள்ள எழுத்து வால்வுக்கு நேரே வருமாறு எப்பொழுதும் மாட்டிவையுங்கள். டியூபை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் துளை. வால்விலிருந்து அது எவ்வளவு தொலைவு என்று அளந்து, டயரிலும் அதே இடத்தைப் பாருங்கள். முள் அங்கேதான் இருக்கும். வெறும் விரலால் தடவாமல் துணியால் துடைத்துத் தேடுங்கள். முள்ளை எடுத்த பின்னரே ஒட்டுப் போட வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, அது தொட்டால் ஒட்டாத அளவிற்கு உலர்ந்த பிறகு ஒட்டை வைத்து அழுத்துங்கள். பசை உலருமுன் ஒட்டுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு.

மரம் கற்பிக்கும் பாடம்

இறுதியாக ஒரு வியப்பான செய்தி. இப்பொழுது துளையைத் தானே அடைத்துக்கொள்ளும் திரவம் ஒன்று சக்கரத்தினுள் ஊற்றப்படுகிறது. முள் குத்தியதும் அத்திரவம் துளைக்கு விரைந்து, அங்கே உறைந்து, காற்றை நிறுத்திவிடுகிறது. அத்தகைய திரவங்கள் பலவற்றின் மூலப்பொருள் எது தெரியுமா? இரப்பர்ப் பால்!

பால்வெட்டும் பெற்றோர்க்கு இது புதிதன்று. உளி பட்ட இடத்தில் வடியும் பால் சிறிது நேரத்தில் தானே உறைந்து, கோட்டுப்பாலாகிப் பட்டையின் காயத்தை மூடுகிறது. மங்கில் எஞ்சுவது ஒட்டுப்பாலாகிறது. பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பதும், உறைவதற்கு அமிலம் சேர்ப்பதும் நம்மவர் அறிந்தவையே. மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளும் அதே முறையைத்தான் இன்றைய தொழிற்சாலை சக்கரத்தில் பயன்படுத்துகிறது. ஆயினும் இத்திரவம் பெரிய கிழிசலை அடைக்காது. நம் நாட்டு வெப்பத்தில் சில மாதங்களில் காய்ந்தும் போகும். நல்ல டயருக்குத் துணையாகுமேயன்றி, அதற்கு ஈடாகாது.

முடிவுரை

அந்த மாணவனின் கதைக்குத் திரும்புகிறேன். முள்ளை எடுத்தோம். மறுவாரம் தந்தையார் தடித்த டயர் ஒன்று வாங்கிப் பூட்டினார். அவ்வாண்டு முடியும்வரை, பெருமழை நாள்கள் நீங்கலாக, அண்ணனும் தங்கையும் மணியடிக்குமுன் பள்ளியில் இருந்தனர். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, ஐயா" என்று சொல்லிவிட்டு அவன் விளையாட ஓடிவிட்டான். அதன் பின்னர், காலந்தாழ்ந்து வரும் எந்தப் பிள்ளையையும் காரணம் கேட்காமல் நான் தண்டித்ததில்லை.

பெற்றோர்களே! ஒரு பிள்ளையின் பள்ளி நாள் ஒரு முள் முனையில் நின்றுவிடக்கூடும். பாதைக்கேற்ற டயரைத் தேர்ந்தெடுங்கள், நாள்தோறும் நோக்குங்கள். மாணவர்களே! எத்துன்பம் வரினும் ஒட்டுப் போடுமுன் முள்ளைத் தேடுங்கள். சக்கரத்திற்கு மட்டுமன்று, வாழ்விற்கும் இது பொருந்தும்.

பயிற்சி வினாக்கள்

1. காற்றடைத்த டயருக்கு 1888ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் யார்? அதனை அவர் எதற்காகச் செய்தார்?
2. மலாக்காவில் முதல் இரப்பர்த் தோட்டம் எங்கு, எந்த ஆண்டில் அமைந்தது?
3. ஒரு சக்கரம் ஒருமுறை சுழன்றால் 2 மீட்டர் செல்லும். 3 கிலோமீட்டர் செல்ல எத்தனை முறை சுழல வேண்டும்?
4. டியூபில் இரண்டு துளைகள் பக்கம் பக்கமாக இருந்தால் காரணம் என்ன?
5. இன்று மாலை உங்கள் வீட்டு மிதிவண்டியின் டயர்களைப் பார்த்து, அவற்றில் அச்சிட்டுள்ள எண்களையும், நீங்கள் கண்டெடுத்த முட்களின் எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதி வருக.